பன்னீர் திராட்சை பிறந்த ஆண்டு எது?

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அணுபுரத்தில் இருக்கும் என் தமக்கையார் வீட்டிற்குச் சென்றிருந்தேன். கடைவீதியில் ஒரு தள்ளுவண்டி நிறையக் கருநீலத் திராட்சைக் குலைகள். “கம்பம் பன்னீர், சார்! காலையிலதான் வந்துச்சு” என்றார் வண்டிக்காரர். அரைக் கிலோ வாங்கிக்கொண்டு திரும்பும்போது, எட்டாம் வகுப்பில் படிக்கும் தமக்கை மகள் கேட்டாள்: “இதுக்கு ஏன் மாமா பன்னீர்னு பேரு? பன்னீர் தெளிச்சு வளர்க்கிறாங்களா?”

சிறு கேள்விதான். ஆனால் விடை தேடப் புகுந்தபோது அது என்னைப் பாலாற்றின் கழிமுகத்திலிருந்து இங்கிலாந்தின் கண்ணாடி வீடுகள் வரை இழுத்துச் சென்றுவிட்டது. வழியில் ஒரு புதிரும் எதிர்ப்பட்டது. இந்தப் பழம் தமிழ்நாட்டிற்கு வந்ததாகச் சொல்லப்படும் ஆண்டு, அது உலகில் பிறந்ததாகப் பதிவாகியிருக்கும் ஆண்டுக்கு முந்தியதாக இருக்கிறது! பிறக்கும் முன்பே ஒரு குழந்தை ஊர் வந்து சேர முடியுமா? இந்தப் புதிரை நாம் சேர்ந்தே அவிழ்த்துப் பார்ப்போம்.

மது வந்தது, கொடி வரவில்லை

அணுபுரத்திற்குத் தெற்கே, பாலாறு கடலோடு கலக்கும் இடத்தருகில், வாயலூரை ஒட்டி வசவசமுத்திரம் என்னும் சிற்றூர் உள்ளது. 1970-இல் தமிழ்நாடு அரசின் தொல்பொருள் ஆய்வுத் துறையினர் அங்கே அகழாய்வு செய்தனர். உறைகிணறுகளும் செங்கல் தொட்டிகளும் வெளிப்பட்டன. அவற்றோடு அடி கூம்பிய சாடிகளின் உடைந்த துண்டுகளும் கிடைத்தன. தரையில் நிற்காத இத்தகைய சாடிகள் கப்பலின் அடித்தட்டில் சாய்த்து அடுக்குவதற்கு ஏற்றவை. மேலை நாட்டு வணிகர் மதுவையும் எண்ணெயையும் இவ்வகைச் சாடிகளில்தான் அனுப்பினர்.

கூம்பிய சாடி கண்ட இடமெல்லாம் ரோமானிய மது வந்தது என்று சொல்லிவிடக் கூடாது. இந்தியக் கடற்கரையில் கிடைத்த இத்தகைய துண்டுகளில் சில, மெசபொடோமியாவிலிருந்து பிற்காலத்தில் வந்த, உட்புறம் தார் பூசிய வேறுவகைச் சாடிகள் என்பதை அண்மைக்கால ஆய்வு காட்டியுள்ளது. ஆனால் புதுச்சேரியை அடுத்த அரிக்கமேட்டில் ஐயத்திற்கு இடமில்லை. 1945-இல் மார்ட்டிமர் வீலர் தோண்டத் தொடங்கிய அந்த இடத்தில், கிரேக்கத் தீவாகிய கோஸ் பாணியில் இரட்டைக் குழல் போன்ற கைப்பிடி வைத்த மதுச் சாடிகள் பல கிடைத்துள்ளன. கோஸ் தீவு மது கடல்நீர் கலந்து செய்யப்பட்டது. யவனர் நல்ல கலங்களில் கொண்டுவந்த மணமுள்ள மதுவைப் புறநானூற்றின் 56-ஆம் பாடலும் குறிப்பிடுகிறது.

ஆக, 2000 ஆண்டுகளுக்கு முன்பே திராட்சையின் சாறு நம் கரையை எட்டிவிட்டது. ஆனால் அதன் கொடி இங்கே வேரூன்றவில்லை. கொடிமுந்திரி என்று அதற்குத் தமிழில் ஒரு பெயரும் உண்டு. பெயர் இருந்தும் தோட்டம் இல்லை. ஏன்?

குளிர்காலத்திற்குப் பதில் கத்தி

திராட்சை குளிர்கால ஓய்வுக்குப் பழகிய கொடி. அதன் தாயகத்தில் இலையுதிர்ந்து, மொட்டுகள் மாதக்கணக்கில் உறங்கும். குளிர் நீங்கி வெப்பம் ஏறும்போது எல்லா மொட்டுகளும் ஏறத்தாழ ஒரே சமயத்தில் விழித்தெழும். அந்தத் தளிரோடு பூங்கொத்தும் வெளிப்படும்.

நம் ஊரில் உறங்கச் சொல்லும் குளிர் இல்லை. எனவே கொடி ஆண்டு முழுவதும் பச்சையாகவே இருக்கும். நுனி மொட்டு மட்டும் வளர்ந்துகொண்டே போகும். நுனியில் சுரக்கும் வளர்ச்சிப் பொருள் கீழேயுள்ள மொட்டுகளைத் தலைதூக்க விடாது. நட்டவருக்குக் கிடைப்பது பந்தல் நிறைய இலை. பழமோ பெயருக்குச் சில குலைகள்.

இதற்கு உழவர் கண்ட தீர்வுதான் கவாத்து. முற்றிய கிளைகளை அளவறிந்து வெட்டிவிட்டால் நுனியின் ஆதிக்கம் அகலுகிறது. எஞ்சிய மொட்டுகள் சில நாட்களில் வெடிக்கின்றன. ஏறத்தாழ நான்கு மாதங்களில் பழம் பறிக்கலாம். குளிர்காலம் செய்ய வேண்டிய வேலையைக் கவாத்துக் கத்தி செய்துவிடுகிறது! இயற்கையின் நாட்காட்டிக்குக் காத்திருக்க வேண்டாம் என்பதால், தமிழ்நாட்டில் பன்னீர் திராட்சையில் இரண்டு ஆண்டுகளில் 5 அறுவடை வரை எடுக்கிறார்கள். தேனி மாவட்டத்தின் கம்பம் பள்ளத்தாக்கில் ஒருவர் தோட்டத்தில் பூ, அடுத்தவர் தோட்டத்தில் காய், அதற்கடுத்த தோட்டத்தில் பழம் என்று ஆண்டு முழுதும் திராட்சை கிடைப்பதன் இரகசியம் இதுவே. வட மாநிலங்களிலும் மராட்டியத்திலும் இந்த வசதி இல்லை. அங்கே அறுவடை ஆண்டின் சில மாதங்களோடு முடிந்துவிடுகிறது.

சாடியில் மது வாங்கிய பழங்கால வணிகருக்கு இந்த உழைப்பில் இறங்க வேண்டிய தேவை எழவில்லை. தேவை உள்ளவர்கள் வந்தபோதுதான் கொடியும் வந்தது.

பாதிரியார் கொண்டுவந்தார் என்ற செய்தி

அந்தத் தேவை கிறித்தவத் திருச்சபைக்கு இருந்தது. கத்தோலிக்க வழிபாட்டில் திருப்பலிக்குப் பயன்படும் மது திராட்சையிலிருந்து செய்யப்பட்டதாகவே இருக்க வேண்டும். வேறு எந்தப் பழச்சாறும் ஆகாது. ஐரோப்பாவிலிருந்து பீப்பாயில் வரவழைப்பதைவிடத் தோட்டத்திலேயே ஒரு கொடி இருந்தால் நல்லது என்று ஒரு பாதிரியார் எண்ணுவது இயல்பு.

சேலம், மதுரை மாவட்டங்களில் 1832-ஆம் ஆண்டளவில் கிறித்தவ ஊழியர்கள் திராட்சையை அறிமுகம் செய்தார்கள் என்பது நம் தோட்டக்கலை நூல்களில் திரும்பத் திரும்ப வரும் செய்தி. 2023-இல் கம்பம் பன்னீர் திராட்சைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோதும், 1832-இல் ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் இதைக் கொண்டுவந்தார் என்றே நாளேடுகள் எழுதின.

அக்காலத்தில் அப்படிக் கொண்டுவர முடியுமா? முடியும். உறக்கத்திலிருக்கும் திராட்சைக் குச்சிகளை ஈரம் காயாமல் பொதிந்து வைத்தால் மாதக்கணக்கில் உயிரோடிருக்கும். ஜேம்ஸ் பஸ்பி என்பவர் 1831-இல் ஸ்பெயினிலும் பிரான்சிலும் சுற்றி நூற்றுக்கணக்கான திராட்சை இனங்களின் குச்சிகளைத் திரட்டி ஆஸ்திரேலியாவிலுள்ள சிட்னிக்கு அனுப்பினார். அவற்றில் பெரும்பகுதி பிழைத்தது. சிட்னிக்குப் போனது புதுச்சேரிக்கு வர முடியாதா என்ன? அப்போது தமிழகத்தில் பணியாற்றிய பிரெஞ்சுப் பாதிரிமார்களின் தலைமையிடமும் புதுச்சேரிதான். எனவே 1832 என்ற ஆண்டில் தன்னளவில் எந்த முரணும் இல்லை. முரண் தோன்றுவது பழத்தின் பிறப்பை விசாரிக்கும்போதுதான்.

கண்ணாடி வீட்டுக் குழந்தை

நம் பன்னீர் திராட்சையின் உலகப் பெயர் மஸ்கட் ஹாம்பர்க். ‘ஹாம்பர்க்’ என்றிருப்பதால் ஜெர்மனியில் பிறந்தது என்று எண்ணிவிட வேண்டாம். இங்கிலாந்தின் பெட்ஃபோர்டுஷயரிலுள்ள ரெஸ்ட் பார்க் மாளிகையில் தோட்டக்காரராக இருந்த சேவர்டு ஸ்னோ என்பவர் 1850-ஐ ஒட்டி இரு திராட்சை இனங்களைக் கலந்து இதை உண்டாக்கினார் என்று திராட்சை இனப் பட்டியல்கள் பதிவு செய்திருக்கின்றன.

குளிர் நாடாகிய இங்கிலாந்தில் திராட்சையா? ஆம், கண்ணாடி வீட்டுக்குள். 1845-இல் பிரிட்டனில் கண்ணாடி மீதான வரி நீக்கப்பட்டது. கண்ணாடி மலிவானதும் செல்வர் மாளிகைகளில் கண்ணாடி வீடுகள் பெருகின. வெந்நீர்க் குழாய்களை ஓடவிட்டு அவற்றைச் சூடாக்கினர்.

இங்கே இயற்பியல் மாணவர்களுக்கு ஒரு சொல். கண்ணாடி வீடு சூடாக இருப்பதற்குக் காரணம் கண்ணாடி அகச்சிவப்புக் கதிரை வெளியே விடாமல் தடுப்பது மட்டுமே என்று நாம் படித்திருக்கிறோம். 1909-இல் ஆர். டபிள்யூ. உட் என்ற இயற்பியலார் இரு சிறு பெட்டிகளை எடுத்தார். ஒன்றைக் கண்ணாடியாலும், மற்றொன்றை அகச்சிவப்புக் கதிரை விட்டுவிடும் பாறை உப்புத் தகட்டாலும் மூடி வெயிலில் வைத்தார். இரண்டும் ஏறத்தாழ ஒரே அளவே சூடேறின. சூடான காற்று மேலெழுந்து தப்பிவிடாமல் அடைத்து வைப்பதுதான் கண்ணாடி வீட்டின் முதன்மையான வேலை!

அந்த அடைபட்ட வெப்பத்தில் இரண்டு திராட்சைகள் புகழ்பெற்றிருந்தன. ஒன்று, அலெக்சாந்திரியா மஸ்கட். வெளிறிய நிறம், மயக்கும் மணம். ஆனால் மிகுந்த வெப்பம் கேட்கும். மற்றொன்று, ஆங்கிலேயர் கறுப்பு ஹாம்பர்க் என்றழைத்த இனம். கரிய நிறம், பெரிய குலை, எளிதில் வளரும் இயல்பு, மணம் இல்லை. ஒன்றின் மணமும் மற்றொன்றின் நிறமும் ஒரே பழத்தில் சேர்ந்தால் எப்படி இருக்கும்? அதுதான் மஸ்கட் ஹாம்பர்க்.

இது வெறும் தோட்டக்காரர் கதையன்று. டி.என்.ஏ. ஆய்வும் இதே பெற்றோரைத்தான் காட்டுகிறது. முறை எளியது. டி.என்.ஏ. இழையில் சில இடங்களில் ஒரே சிறு துண்டு பலமுறை அடுத்தடுத்து வரும். ஒவ்வோர் இடத்திற்கும் தாயிடமிருந்து ஓர் எண்ணிக்கை, தந்தையிடமிருந்து ஓர் எண்ணிக்கை பிள்ளைக்கு வந்து சேரும். எடுத்துக்காட்டாக, பிள்ளையிடம் ஓரிடத்தில் 12, 17 என்ற எண்கள் இருந்தால், ஒரு பெற்றோரிடம் 12-உம் மற்றவரிடம் 17-உம் இருந்தாக வேண்டும். இப்படிப் பல இடங்களில் பொருத்தம் பார்த்து, பொருந்தாதவர்களை ஒவ்வொருவராக நீக்குகிறார்கள். புகழ்பெற்ற காபெர்னே சோவின்யோன் திராட்சையின் பெற்றோரை 1997-இல் கலிபோர்னியாவில் கண்டுபிடித்ததும் இம்முறையால்தான்.

இரண்டு ஆண்டுகளை எப்படிப் பொருத்துவது?

இப்போது புதிர் தெளிவாக நிற்கிறது. வந்தது 1832, பிறந்தது ஏறத்தாழ 1850. இரண்டும் அப்படியே சரியாக இருக்க முடியாது. ஆய்வுக்கூடத்தில் இரு கருவிகள் முரண்பட்ட அளவு காட்டினால் நாம் என்ன செய்வோம்? ஒவ்வோர் அளவும் உண்மையில் எதை அளந்தது என்று கேட்போம். இங்கும் அதையே செய்யலாம்.

1832 என்ற ஆண்டு அளப்பது ‘திராட்சை’ வந்ததை. அது எந்தத் திராட்சை என்று ஆண்டு சொல்லவில்லை. பாதிரிமார் முதலில் நட்டது வேறோர் இனமாக இருந்து, மஸ்கட் ஹாம்பர்க் அதற்குச் சில பத்தாண்டுகள் கழித்து வந்து, அதன் இடத்தையும் வரலாற்றையும் சேர்த்தே எடுத்துக்கொண்டிருக்கலாம். ஒரே ஊரில் பழைய கோயில் இருந்த இடத்தில் புதுக் கோயில் எழுந்ததும், பழைய தல வரலாறு புதியதற்கு வந்து சேர்வதில்லையா? அதுபோலத்தான்.

1850 என்பதும் கல்லில் பொறித்த எண்ணன்று. ஒரு செடி பெயர் பெற்றுப் பட்டியலில் ஏறும் ஆண்டு அது முளைத்த ஆண்டாகவே இருக்க வேண்டியதில்லை. ஆனால் பிள்ளையின் நிறமும் மணமும் பெற்றோரின் கண்ணாடி வீட்டு வாழ்வோடு இவ்வளவு பொருந்தி வரும்போது, முதல் விளக்கமே வலுவுடையது என்பது என் கருத்து.

டி.என்.ஏ. பெற்றோரைச் சொல்லும், பயணச்சீட்டைக் காட்டாது. அதற்குக் காகிதம் வேண்டும். பாதிரிமார் தாயகத்திற்கு எழுதிய கடிதங்கள், 1835-இல் தொடங்கப்பட்ட சென்னை வேளாண் தோட்டக்கலைச் சங்கத்தின் செடிப் பட்டியல்கள் போன்ற ஆவணங்களில்தான் இவ்வழக்கின் தீர்ப்பு இருக்க முடியும். பிரெஞ்சு மொழி கற்கும் வரலாற்று மாணவர் ஒருவருக்கு இது நல்ல ஆய்வுப் பொருள்.

இதில் ஓர் அழகைக் கவனித்தீர்களா? குளிர் நாட்டில் செயற்கை வெயிலில் பிறந்த கொடி, வெயில் நாட்டில் செயற்கைக் குளிர்காலத்தால் காய்க்கிறது. அங்கே வெந்நீர்க் குழாய். இங்கே கவாத்துக் கத்தி.

மூன்று நாட்டார் வைத்த ஒரே பெயர்

இனி தமக்கை மகளின் கேள்விக்கு வருவோம். பன்னீர் என்பது ரோஜா வடிநீர். கர்நாடகத்தில் இதே திராட்சைக்கு குலாபி என்று பெயர், அதுவும் ரோஜாதான். சீனாவின் தியான்ஜின் பகுதியில் இதே இனம் பெருமளவில் பயிராகிறது. அங்கே மது செய்யவும் பயன்படுகிறது. சீனர் இட்ட பெயர் ‘மெய்குயிஷியாங்’. பொருள், ரோஜா மணம்! ஒருவரைப் பார்த்து ஒருவர் வைக்காத பெயர்கள் ஒரே பூவில் வந்து சேர்ந்தது எப்படி?

வேதியியல் விடை சொல்கிறது. மஸ்கட் திராட்சைகளின் மணத்திற்குக் காரணம் லினலூல், ஜெரானியால், நெரால் போன்ற பொருள்கள். இவற்றுள் ஜெரானியாலும் நெராலும் ரோஜா எண்ணெயிலும் உள்ளவை. பன்னீர்ச் செம்பிலிருந்து எழும் மூலக்கூறும் கம்பத்துப் பழத்திலிருந்து எழும் மூலக்கூறும் ஒன்றே. கருவியில்லாமல் மூக்கினால் மட்டும் செய்த பகுப்பாய்வில் மூன்று நாட்டு மக்களும் சரியான விடை எழுதியிருக்கிறார்கள்! தெளித்து வந்த பன்னீர் அல்ல அது. பழமே சமைத்த பன்னீர்.

சீனாவைத் தவிர, கிரேக்கத்தின் தெசாலிப் பகுதியில் டிர்னாவோஸ் ஊரைச் சுற்றிலும் மஸ்கட் ஹாம்பர்க் விளைகிறது. கலிபோர்னியாவில் இதிலிருந்து இனிப்பு மது செய்கிறார்கள். இதன் பெற்றோரும் இன்றும் நலமே. கறுப்பு ஹாம்பர்க் தன் உண்மையான ஊர்ப்பக்கமாகிய வட இத்தாலியின் தென் டிரோலில் ஸ்கியாவா என்றும், ஜெர்மனியின் வூர்ட்டம்பர்க்கில் டிரோலிங்கர் என்றும் வழங்குகிறது. லண்டனை அடுத்த ஹாம்ப்டன் கோர்ட் அரண்மனையில் 1768-இல் நட்ட ஒரே ஒரு கறுப்பு ஹாம்பர்க் கொடி இரண்டரை நூற்றாண்டு கடந்தும் காய்த்துக்கொண்டிருக்கிறது. அலெக்சாந்திரியா மஸ்கட்டோ இத்தாலியின் பான்டெல்லேரியா தீவில் ஸிபிப்போ என்ற பெயரில் வாழ்கிறது. கடுங்காற்று வீசும் அத்தீவில் குழி பறித்து, அதனுள் குறுஞ்செடியாக அதை வளர்க்கிறார்கள். அந்த வேளாண் முறையை 2014-இல் யுனெஸ்கோ மனித குலத்தின் மரபுச் செல்வமாக ஏற்றது.

அமெரிக்க இரத்தம் கலந்த அண்டை வீட்டுக்காரர்

தென்னிந்தியாவில் இன்னொரு கறுப்புத் திராட்சையும் உண்டு: பெங்களூர் நீலம். பெங்களூரைச் சுற்றியுள்ள மாவட்டங்களிலும் சிக்கபல்லாபூரிலும் பயிராவது. சாறுக்கும் மதுவுக்கும் பயன்படுவது. இதன் மணம் ரோஜா அல்ல. தோல் தடித்து, சதை வழுக்கிக்கொண்டு வரும். ‘கிரேப்’ மிட்டாயை நினைவூட்டும் ஒரு வாசனை வீசும். அதில் அமெரிக்கக் காட்டுத் திராட்சையின் இரத்தம் கலந்திருப்பதே காரணம். இஸபெல்லா என்னும் பழைய அமெரிக்க இனமே பெங்களூர் நீலம் என்று பல நூல்கள் கருதுகின்றன.

இஸபெல்லாவின் கதை விந்தையானது. பிரான்ஸ் நாடு 1934-இல் சட்டம் இயற்றி விலக்கிய ஆறு இனங்களில் அதுவும் ஒன்று. அங்கே விலக்கப்பட்டது, இங்கே புவிசார் குறியீடு பெற்றிருக்கிறது! பெசரகட்டாவை அல்ல, ஹெசரகட்டாவைத் தலைமையிடமாகக் கொண்ட இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தார் பெங்களூர் நீலத்தை வேறு இனங்களோடு கலந்து அர்கா ஷியாம், அர்கா ஹன்ஸ் முதலிய புதிய இனங்களையும் உருவாக்கியிருக்கிறார்கள். ஓர் இனத்தின் மதிப்பு அதன் சாற்றில் மட்டும் இல்லை. அதைக் கையில் வைத்திருப்பவரின் தேவையிலும் இருக்கிறது.

ஒரே உடம்பு

உலகில் ஏறத்தாழ 10,000 திராட்சை இனங்கள் அறியப்பட்டிருக்கின்றன. ஆனால் பன்னாட்டுத் திராட்சை, மது அமைப்பு 2017-இல் வெளியிட்ட கணக்குப்படி, உலகத் திராட்சைப் பரப்பில் பாதியை 33 இனங்களே பிடித்துக்கொண்டிருக்கின்றன. மற்ற ஆயிரக்கணக்கான இனங்கள் ஒரு தீவில், ஒரு பள்ளத்தாக்கில், சில கிராமங்களில் ஒதுங்கி வாழ்கின்றன.

அவற்றின் வாழ்வு மெல்லிய நூலில் தொங்குகிறது. பன்னீர் திராட்சையின் விதையை ஊன்றினால் பன்னீர் திராட்சை முளைக்காது. பெற்றோரின் குணங்கள் மறுபடி கலைந்து வேறொரு கொடிதான் வரும். குச்சியை வெட்டி நட்டுத்தான் இனத்தைக் காக்க முடியும். அப்படியானால் சுருளிப்பட்டியிலும் கூடலூரிலும் பந்தலில் படர்ந்திருக்கும் ஒவ்வொரு கொடியும், முதல் விதையிலிருந்து முளைத்த அந்த ஒரே கொடியின் தொடர்ச்சி. ஒரே உடம்பின் துண்டு. கைமாறிக் கைமாறி, எத்தனையோ கவாத்துக் கத்திகளின் வழியாக அது உயிர் நீட்டித்து வந்திருக்கிறது. எல்லோரும் ஒரே ஆண்டில் நடுவதை நிறுத்திவிட்டால் எந்த விதைப் பையிலிருந்தும் அதை மீட்க முடியாது.

பன்னீர் திராட்சைக்கு விதை உண்டு, தோல் மெல்லியது, நெடுந்தூரப் பயணம் தாங்காது. விதையில்லாப் பழங்கள் பளபளப்பான பெட்டிகளில் வந்து அதன் பக்கத்தில் அமர்கின்றன. புவிசார் குறியீடு அதன் பெயரைக் காக்கும். அதன் உயிரைக் காக்க வேண்டியவர்கள் கவாத்துப் பிடிக்கும் உழவரும், தள்ளுவண்டியில் நிறுத்தி வாங்கும் நாமும்தான்.

அன்று மாலை தமக்கை மகள் ஒரு பழத்தை நசுக்கி முகர்ந்து பார்த்தாள். “ஆமாம் மாமா, கல்யாண வீட்டு வாசல்ல தெளிப்பாங்களே, அந்த வாசனை!” என்றாள். பிறகு விதையை எடுத்துத் தொட்டியில் ஊன்றினாள். பன்னீர் வராது என்று சொன்னேன். “வேற என்ன வரும்னு பார்க்கலாமே” என்றாள். சேவர்டு ஸ்னோ என்ற தோட்டக்காரரும் அப்படித்தான் நினைத்திருக்க வேண்டும்.